"எஞ்சினைக் கழற்றிவிடுகிறேன், அக்கா"

"எஞ்சினைக் கழற்றிவிடுகிறேன், அக்கா" என்றான் தம்பி.

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. குன்னூரில் மாலை நான்கு மணிக்கே மேகம் வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. மேசையில் ஒரு சார்ஜ் விளக்கு, பிளாஸ்கில் தேநீர், செய்தித்தாளில் பிரித்து வைத்த வர்க்கி, மூன்று கதாபாத்திரத் தாள்கள், நடுவில் ஓர் இருபது முகப் பகடை. வர்க்கியைக் கடித்தால் தூள் எங்கும் சிதறும். தன் தாளின் மேல் விழுந்த தூளை ஊதிக்கொண்டிருந்த மாமா அப்படியே நிறுத்திவிட்டார். அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார்.

பகடை உருட்டி நாங்கள் ஆடும் சூப்பர்ஹீரோ கதையில் அப்போது நீலகிரி மலை ரயில் ஹில்குரோவ் நிலையத்தைத் தாண்டி ரன்னிமேடு நிலையத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினின் அடியில் வெடிகுண்டு. தம்பியின் நாயகனுக்குப் பெயர் காட்டி. காட்டெருமையின் பலம் கொண்டவன். குண்டைத் தேடி எடுக்க நேரமில்லை, எஞ்சினையே பெட்டிகளிலிருந்து பிரித்துத் தூக்கிப் பள்ளத்தாக்கில் எறிந்துவிடலாம் என்று அவன் முடிவு செய்துவிட்டான்.

எங்கள் ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இதைப் புரியவைக்க முடியாது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று வரை இருக்கிறது. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம். அதனால் மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பெட்டிகளுக்குக் கீழே, பின்னால் நின்று தள்ளும். எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. பெட்டிகளின் முன் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டுவார்கள். ஒருவர் காட்டுவதைப் பார்த்து அடுத்தவர் காட்ட, பச்சையோ சிவப்போ அப்படியே கைமாறி எஞ்சினுக்கு வந்துசேரும். அந்த எஞ்சினை எடுத்துவிட்டால், சரிவில் நிற்கும் பெட்டிகளைத் தாங்க அடியில் ஒன்றும் இருக்காது.

தம்பிக்கு இது தெரியாதா? எங்கள் தெருமுனையில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவன். பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து அந்த ரயிலின் கூவலைக் கேட்டு வளர்ந்தவன். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "காட்டி எங்கே நிற்கிறான், சொல். அவனுக்கு மேலே என்ன இருக்கிறது?"

"நான்கு பெட்டி. தெரியும், அக்கா. முதலில் குண்டு."

பகடையை எடுத்தான்.

நான் பகலில் ஒரு தேயிலைக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் இந்த மேசையில் ஒரு சூப்பர்ஹீரோ கதையை நடத்துகிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருப்போம். மூவர் ஆளுக்கொரு நாயகனாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். கேம் மாஸ்டர் என்று அழைக்கப்படும் நான் மற்ற உலகம் முழுவதுமாக இருப்பேன்: வில்லன், போலீஸ்காரர், மழை, டீக்கடை, ரயில். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். தாயக்கட்டை உருட்டிய கையும் பாட்டியிடம் கதை கேட்ட காதும் உள்ள யாரும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். விதி எழுதி விளையாடுவது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. ஸ்னூக்கரின் விதிகள் 1882ல் உதகை கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். ஆட்டக்காரர்கள் எடுக்கும் முட்டாள்தனமான முடிவுகளை என்ன செய்வது என்று, புதிதாகக் கதை நடத்த ஆரம்பித்த இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். இருவருமே சலிப்போடு கேட்டார்கள். "எவ்வளவு யோசித்து ஒரு கதை தயாரிக்கிறோம், இவர்கள் வந்து ஒரே வாக்கியத்தில் உடைத்துவிடுகிறார்கள்" என்றார் ஒருவர். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். முட்டாள்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி, ஆட்டக்காரருடைய தவறே கிடையாது. எங்கள் மூன்றாவது வாரத்தில் தம்பியின் காட்டி, உதகை மார்க்கெட்டில் கூரை மேலிருந்து கீழே குதித்தான். குதித்த இடத்தில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று நான் கேட்டபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. "நீங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லவே இல்லையே, அக்கா." உண்மை. என் மனதில் கூட்டம் இருந்தது. என் வாயிலிருந்து அது வரவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டியதை நான் காட்டாமல் விட்டுவிட்டு அவனைக் குற்றம் சொன்னேன். அன்றே அந்தக் காட்சியைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னேன். அதிலிருந்து "உறுதியாகவா?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அந்தக் கேள்வி மிரட்டுகிறது, தகவல் எதையும் தருவதில்லை. அதற்குப் பதிலாகத்தான் நாயகன் எங்கே நிற்கிறான், என்ன தெரிகிறது என்று கேட்கிறேன். எல்லாம் தெரிந்த பிறகும் ஒருவர் குதித்தால், அங்கிருந்துதான் உண்மையான விஷயம் தொடங்குகிறது.

இந்த வகை விளையாட்டு 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து வளர்ந்தது. பாதாளக் குகைக்குள் போய்ப் புதையல் எடுக்கும் கதையில் முட்டாள்தனத்துக்குக் கூலி உடனே கிடைத்துவிடும்: பொறியில் காலை வைத்தவன் செத்துப்போவான், வேறு தாள் எழுத வேண்டும். சூப்பர்ஹீரோ கதையில் அப்படி முடிவதில்லை. காட்டியின் மேல் லாரி மோதினால் லாரிக்குத்தான் சேதம். நாயகன் எளிதில் சாகமாட்டான், ஆனால் அவனைச் சுற்றி இருப்பவர்கள் சாவார்கள். அவன் தவறுக்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசம்தான் என்னை இந்த வகைக் கதையில் கட்டிப்போட்டிருக்கிறது.

இதை வடிவமைத்தவர்களும் ஆரம்பத்திலிருந்தே உணர்ந்திருக்கிறார்கள். 1979ல் வந்த வில்லன்ஸ் அண்ட் விஜிலான்டீஸில் ஆட்டக்காரர் தன்னையே நாயகனாக எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் உடல், உங்கள் மூளை, அதன் மேல் சில அபூர்வ சக்திகள். உங்கள் அவசரமும் கூடவே வந்துவிடும். 1981ல் வந்த சாம்பியன்ஸ் வேறொரு பக்கம் போனது. அங்கே சக்திகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். கூடுதல் புள்ளி வேண்டுமென்றால் பலவீனங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். துரத்தும் எதிரி, காப்பாற்ற வேண்டிய உறவினர், அடக்க முடியாத கோபம். மேதாவியாக யோசிப்பவன் தேர்ந்தெடுக்கமாட்டாத வழியை உன் நாயகன் தேர்ந்தெடுப்பான் என்று தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவது போன்றது அது. 1984ல் ஜெஃப் கிரப் வடிவமைத்த மார்வல் சூப்பர் ஹீரோஸில் கர்மா என்றே ஒரு கணக்கு உண்டு. நல்லது செய்தால் சேரும், பகடைக்குத் துணையாகச் செலவழிக்கலாம். நாயகன் ஒருவரைக் கொன்றால் சேர்த்த கர்மா முழுவதும் போய்விடும். நம் ஊர்ச் சொல்லை எடுத்துப்போய் எவ்வளவு பொருத்தமான இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் வியப்பு.

நாங்கள் ஆடுவது ஸ்டீவ் கென்சன் வடிவமைத்து 2002ல் முதலில் வந்த மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ். எங்களிடம் உள்ள மூன்றாம் பதிப்பின் வழக்கமான தொடக்கம்: நாயகனின் சக்திக்கு வரம்பு வைக்கும் ஆற்றல் நிலை 10, அவனை உருவாக்கக் கையில் 150 புள்ளிகள். பலத்தில் ஒரு படி ஏறினால் தூக்கும் எடை இரட்டிப்பாகும். காட்டியின் பலம் பன்னிரண்டாம் படி, அதாவது 100 டன். ஓர் எஞ்சினுக்கு அது தாராளம். இதில் எனக்குப் பிடித்தது ஹீரோ பாயிண்ட். நாயகனுடைய சொந்தச் சிக்கல் அவனை உண்மையாகவே இடறிவிடும்போது கேம் மாஸ்டர் ஒரு பாயிண்ட் கொடுக்க வேண்டும். பின்னால் ஓர் இக்கட்டில் அதைக் கொடுத்துப் பகடையை மறுபடி உருட்டலாம். மறு உருட்டில் பத்தோ அதற்குக் கீழோ விழுந்தால் பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இன்று இடறியவனுக்கு நாளைக்கு ஒரு பிடிமானம்.

இன்னும் ஒரு படி மேலே போனது, பதின்ம வயது நாயகர்களைப் பற்றிய மாஸ்க்ஸ். அதில் அடிபட்டால் உடல் காயம் எழுதுவதில்லை. பயம், கோபம், குற்றவுணர்ச்சி, நம்பிக்கையின்மை, தன்மேல் சந்தேகம் என்ற ஐந்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தன்மேல் சந்தேகம் தீர வேண்டுமென்றால் விதி என்ன சொல்கிறது தெரியுமா? குழுவிடம் சொல்லாமல் துணிந்து ஒரு முட்டாள்தனம் செய்ய வேண்டும். கோபம் தீர யாரையாவது நோகடிக்க வேண்டும், அல்லது முக்கியமான ஒன்றை உடைக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விதிப் புத்தகம் என்று சொல்லமாட்டார்கள்.

மாமாவின் கதைக்கு வருகிறேன். மாமா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகள் என்னும் சிற்றூர்களுக்கு முப்பது வருடம் நடந்தே கடிதம் கொண்டுபோனவர். அவருடைய நாயகன் மூடுபனி. மேகமாகக் கலைந்து எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவான். ஒருமுறை வில்லனின் ஆட்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கூடிப் பேசுகிறார்கள். கூரை ஓட்டின் வழியாக நுழையலாம், அலுவலக ஜன்னல் வழியாக நுழையலாம். மாமா இலை வாட்டும் கூடத்தின் வழியாக நுழைகிறேன் என்றார்.

பறித்த பச்சை இலையை அங்கே நீளமான தொட்டிகளில், கம்பி வலையின் மேல் பரப்பி வைப்பார்கள். அடியிலிருந்து பெரிய மின்விசிறிகள் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் வெந்நீராவிக் குழாயில் சூடேறிய காற்று. இலையின் ஈரத்தை இறக்குவதற்கென்றே கட்டிய இடம். அதற்குள் ஒருவர் ஈரமாகவே நுழைகிறார். "மாமா, அங்கே விசிறி ஓடுகிறது, காற்று சூடாக வருகிறது" என்றேன். "தெரியும் அம்மா. அந்த வாசனைக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

அவர் நடந்த வழியில் அப்படி ஒரு கூடம் இருந்ததாம். கடிதம் கொடுக்கப் போகும் நாளெல்லாம் வாசலில் நின்று ஒரு நிமிடம் மூச்சு இழுப்பாராம், உள்ளே விடமாட்டார்களாம். ஆப்பிளும் வெட்டிய புல்லும் கலந்தது போன்ற அந்த வாசனை எனக்கும் தெரியும். நான் அவரைத் தடுக்கவில்லை. பகடை மூன்று விழுந்தது. மூடுபனியின் உடல் தொட்டி முழுவதும் பரவி இலைக்குள் இழுக்கப்பட்டுவிட்டது. அவர் கஷ்டப்பட்டுத் தன்னைத் திரட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒட்டுக்கேட்க வந்த பேச்சில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

அந்தக் குறைந்த பங்கை என்ன செய்வது என்று ஒரு வாரம் கிடங்கில் உட்கார்ந்து யோசித்தேன். என் மேசையில் ஏலத்துக்குப் போகும் மாதிரிப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. அடுத்த சனிக்கிழமை சொன்னேன்: அந்த இலை அரைபட்டு, பொடியாகி, மூட்டையாகிக் குன்னூர் ஏலத்தில் விற்றுப்போய்விட்டது. அதைக் காய்ச்சும் கடைகளிலெல்லாம் மூடுபனியின் ஒரு துளி ஆவி எழுகிறது. மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் யாரோ பேசுவது அவர் காதில் விழுகிறது. ஈரோட்டில் ஒரு கடை வாசலில் இருவர் சண்டை போடுவதும் விழுகிறது. மூட்டை தீரும் வரை இப்படித்தான். பாதி நேரம் அவருக்குத் தூங்கவே முடியவில்லை. மீதி நேரத்தில் வில்லனின் லாரிகள் எந்த வழியாகப் போகின்றன என்று டீ குடித்துக்கொண்டே பேசும் ஓட்டுநர்களிடமிருந்து அறிந்துகொண்டார். நான் தயாரித்து வைத்திருந்த கதையில் இதில் ஒன்றுகூட இல்லை. கூரை ஓட்டின் வழியாக அவர் புத்திசாலித்தனமாக நுழைந்திருந்தால், நான் எழுதி வைத்திருந்த ஐந்து வரி வசனத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்.

இரண்டு விதமாக இதைக் கெடுக்கலாம். இரண்டையும் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் இணையம் வழியாக ஒரு குழுவில் நான் ஆட்டக்காரியாக இருந்தேன். பாலம் இடிந்துகொண்டிருக்கும்போது என் நாயகி ஆற்றில் விழுந்த ஒரே ஒரு குழந்தையின் பின்னால் போனாள். தவறான கணக்குதான், நூறு பேருக்கு எதிராக ஒருவர். நடத்தியவர் சிரித்துக்கொண்டே, பகடைகூட உருட்டாமல், குழந்தையும் நாயகியும் செத்தார்கள் என்று அறிவித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பாடம் கற்றுக்கொடுக்கிறாராம். அடுத்த வாரம் எல்லோரும் ஒவ்வோர் அடியையும் பயந்து பயந்து, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். மூன்று மணி நேரத்தில் ஒருவரும் தன் நாயகனாகப் பேசவில்லை. நான் விலகிவிட்டேன்.

இன்னொன்றை நானே செய்தேன். எங்கள் கதையின் முதல் மாதத்தில் தம்பி, வில்லனின் ஆள் ஒருவன் அழுவதைப் பார்த்து இரக்கப்பட்டு, நாயகர்கள் கூடும் இடத்தை அவனிடம் சொல்லிவிட்டான். எனக்குப் பதறியது. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம், அதற்குள் எல்லாம் குலைந்துவிடுமே என்று, அந்த ஆள் உண்மையாகவே திருந்தியவன் என்று மாற்றிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, நான் எது சொன்னாலும் சரியாகத்தான் போகுமா?"

அவன் அதைக் கேட்டபோது அவன் குரலில் இருந்த ஏமாற்றத்தை இப்போதும் நினைத்தால் எனக்குச் சுருக்கென்கிறது. அவன் தன் இரக்கத்தை மேசையில் வைத்தான். நான் அதை மதிப்பில்லாததாக்கிவிட்டேன். காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவன் முடிவுக்கு எந்த எடையும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கொன்றவரும் நானும் செய்தது ஒன்றுதான். இருவருமே ஆட்டக்காரரின் முடிவை அதன் வழியில் போகவிடவில்லை.

அண்ணியின் முடிவைப் பற்றி எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். எழுது என்றார்.

அண்ணி செவிலியர். அவர் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி, அங்கே தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களை இரண்டு நாடுகளும் எண்ணிப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் அதே தேயிலைக்கு இந்த மலைக்கு வந்தவர்களில் அவருடைய பாட்டியும் ஒருவர். மேசையில் அண்ணி இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவருடைய நாயகி மின்மினி. இருட்டில் ஒளிர்வாள், பறப்பாள். முகமூடிக்குப் பின்னால் யார் என்பது வெளியே தெரிந்தால் வில்லன் குடும்பத்தைத் தேடி வருவான் என்பதுதான் அவர் தாளில் எழுதியிருந்த சிக்கல்.

எங்கள் வில்லனை அளவர் என்று அழைக்கிறோம். பழைய நில அளவைச் சங்கிலி ஒன்று அவரிடம் இருக்கிறது. அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. அதை எங்கே இழுத்துப் போட்டு அளக்கிறாரோ அங்கே நிலம் அவர் சொல்லும் இடத்துக்கு நகரும். ஒரு நாள் இரவு மழையில், ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வரிசைக்கு மேலே சங்கிலியை இழுத்துவிட்டார். 2009 நவம்பரில் இந்த மலையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்ததையும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் கண்ணால் பார்த்த நாங்கள், அந்தக் காட்சியை விளையாட்டாக ஆடவில்லை. மேசையில் ஒருவரும் தேநீரைத் தொடவில்லை.

கடைசி வீட்டில் ஒரு பாட்டி. நான்தான் பாட்டியாகப் பேசினேன். வரமாட்டேன் என்றேன். முகம் தெரியாத ஆளோடு எங்கே போவது, நீ யார், யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். வில்லனின் கேமராக்கள் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று முன்பே சொல்லியிருந்தேன்; அண்ணிக்கு அது நன்றாகத் தெரியும். மின்மினிக்குப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பலம் இருந்தது. தம்பி அதைத்தான் கத்தினான்: "தூக்குங்கள் அண்ணி, நேரமில்லை!"

அண்ணி தன் முகத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்து எடுத்தார். "முகமூடியைக் கழற்றுகிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அந்தப் பாட்டியைப் பார்த்து, தன் சொந்தப் பாட்டியின் பெயரைச் சொன்னார். "நான் அவர் பேத்தி, பாட்டி. வாருங்கள், போகலாம்."

"ஏன் அண்ணி?" என்று நான் கேட்டேன். நடத்துபவள் அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் பாட்டியை அப்படித்தான் கப்பல் ஏற்றினார்கள். யாரும் கேட்கவில்லை."

வெளியே மழை சத்தம் மட்டும் இருந்தது. மாமாதான் முதலில் பேசினார். அவர் பழைய பாட்டெல்லாம் படிப்பவர். பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தானே, அவனைப் பற்றிப் பரணர் புறநானூற்றில் சொல்கிறார் என்றார்: கொடுப்பதில் அவன் மடமை காட்டுவானே தவிர, படை நடத்துவதில் மடமை காட்டமாட்டான். கொடைமடம், படைமடம் என்று இரண்டு சொல். "உன்னுடையது கொடைமடம் அம்மா" என்று அண்ணியிடம் சொன்னார். தம்பி உடனே கேட்டான், "அப்படியென்றால் எஞ்சினைக் கழற்றினது?" மாமா சிரிக்கவில்லை. "அது படைமடம், தம்பி" என்றார்.

மயிலுக்குக் குளிருமா, அது போர்வையைப் போர்த்துக்கொள்ளுமா என்று கணக்குப் பார்த்திருந்தால் பேகன் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்காது. மடம் என்று பெயர் சொல்லியே புகழ்ந்திருக்கிறார் புலவர். மேசையில் நடந்த எத்தனையோ முடிவுகளுக்கு எனக்கு வேண்டியிருந்த சொல் அன்றுதான் கிடைத்தது. ஆனால் ஒன்றில் நான் மாமாவிடமிருந்து கொஞ்சம் விலகுகிறேன். அரசனுக்குப் படைமடம் இழுக்காக இருக்கலாம். பத்தொன்பது வயதுப் பையனுடைய படைமடத்தையும் நான் கொடைமடத்தைப் போலவே மதித்துத்தான் எடுத்துக்கொள்வேன். இரண்டிலும் அந்த ஆள் முழுதாக வெளியே தெரிகிறார்.

அண்ணி கொடுத்த விலை பெரியது. அளவர் அடுத்த வாரமே மின்மினியின் வீட்டு வாசலில் சங்கிலியை வைத்துவிட்டுப் போனார். மின்மினிக்கு ஆஸ்பத்திரி வேலை போயிற்று; குடும்பத்தை ஊர் மாற்ற வேண்டியிருந்தது. நான் ஒன்றையும் குறைக்கவில்லை. கையில் ஒரு ஹீரோ பாயிண்ட் கொடுத்தேன், அது விதி. அந்தப் பாட்டியைக் கதையை விட்டு அனுப்பவும் இல்லை. லைன் வீடுகளில் எல்லோருக்கும் மின்மினி யார் என்று தெரியும். போலீஸ் வந்து கேட்டபோது ஒரு வீட்டிலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ரயிலைப் பாதியில் விட்டுவிட்டேன்.

காட்டி எஞ்சினைத் தூக்கி எறிந்தான். அது பள்ளத்தாக்கின் மேல் காற்றிலேயே வெடித்தது. ஓட்டுநரையும் உதவியாளரையும் அண்ணி முன்பே இறக்கியிருந்தார். பிய்த்து எடுத்ததில் பல் பட்டை இருபது அடிக்கு வளைந்துபோயிற்று. நான்கு பெட்டிகளும் பின்னால் உருள ஆரம்பித்தன. காட்டி திரும்பி ஓடிப் பிடிக்க வேண்டும், பகடை நான்கு. கையில் இருந்த ஒரே ஹீரோ பாயிண்டைக் கொடுத்தான். மறுபடி ஏழு, பத்தைக் கூட்டிப் பதினேழு. தோளைக் கொடுத்துக் கடைசிப் பெட்டியைத் தாங்கினான். ஆனால் நான்கு பெட்டிகளும் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடாமல் மேலே பிடித்து நிறுத்தியது, இரண்டாம் பெட்டியின் மேடையில் நின்ற பிரேக்ஸ்மேன். கைப்பிரேக்கை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் வலது கை பிரேக் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் நசுங்கிவிட்டது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். பாதை ஆறு மாதம் மூடிக் கிடந்தது. நிலையங்களில் டீயும் பழமும் விற்றவர்களுக்கு அந்த ஆறு மாதமும் வருமானம் இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

அந்தப் பிரேக்ஸ்மேனுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை. அடுத்த வாரம் தம்பி வந்து உட்கார்ந்ததும், மற்றவர்கள் வில்லனைத் தேட, "காட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறான்" என்றான். முகமூடியோடு ஜன்னல் வழியாகப் போகாமல், வரிசையில் நின்று, பார்வை நேரத்தில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனான். அவர் முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் வாரமும் பேசவில்லை. தம்பி போய்க்கொண்டே இருந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கினோம். மாமாவும் அண்ணியும் அமைதியாகக் காத்திருந்தார்கள். ஐந்தாவது வாரத்தில் அவர், நீ தோளைக் கொடுத்த பெட்டியில் என் மகள் இருந்தாள் என்றார். அதையும் நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

போன சனிக்கிழமை. கதையில் பாதை திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கின்றன. அளவர் சுரங்கப்பாதை ஒன்றை அளக்கக் கிளம்பிவிட்டார். நாயகர்கள் ஒன்றும் தெரியாத பயணிகள் போல ரயிலில் மேலே போக வேண்டும். மாமா வரைபடத்தை விரித்து, யார் எந்தப் பெட்டியில் ஏறுவது என்று கேட்டார். அண்ணி எஞ்சினுக்குப் பக்கத்தில் என்றார்.

"அக்கா, இரண்டாம் பெட்டியில் இன்றைக்கு யார் நிற்கிறார்?" என்றான் தம்பி.

"அவர்தான். இன்றுதான் திரும்ப வேலையில் சேர்ந்திருக்கிறார். பச்சைக் கொடி இடது கையில் இருக்கிறது."

"பிரேக்?"

"அதற்கும் இடது கைதான்."

தம்பி பகடையை எடுத்து ஓரமாக வைத்தான். "நான் அவர் மேடையிலேயே நிற்கிறேன். கொடியை நான் பிடித்துக்கொள்கிறேன், அவர் எப்போது எதைக் காட்டச் சொல்கிறாரோ அதைக் காட்டுகிறேன்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பயணிபோலப் போக வேண்டியவன் கொடியோடு மேடையில் நின்றால் அளவரின் ஆட்கள் எல்லோர் கண்ணிலும் படுவான். எனக்கும் அது தெரியும், தம்பிக்கும் தெரியும். மாமா ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்கைத் திறந்து நான்கு கோப்பையிலும் தேநீர் ஊற்றினார்.

"சரி, ஏறு" என்றேன்.